அப்பிச்சியின் துப்பாக்கிக்கு மாமா அடித்த பெயிண்ட்

ஆத்தூரில் நான் வேலை பார்க்கும் பள்ளியில் மதியச் சாப்பாட்டு மணி அடித்த பிறகு அம்மாவிடமிருந்து போன் வந்தது. பள்ளி நேரத்தில் அம்மா கூப்பிட மாட்டார். எடுத்ததும், “கண்ணு, என்ற தம்பி போயிட்டான்” என்றார்.

யாரைச் சொல்கிறார் என்று எனக்கு உடனே விளங்கவில்லை. அம்மாவின் வாயில் ‘தம்பி’ என்ற சொல்லைக் கேட்டுப் பல வருடங்கள் ஆகியிருந்தன. மாமாவைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டி வந்தால், “அந்தப் பெயிண்டரு” என்பார். அதுவும் வேறு வழி இல்லாத போதுதான். விளங்கிய பிறகு நான், “எப்பங்மா?” என்று மட்டும் கேட்டேன். “காத்தால பட்டறைக்குப் போறதுக்கு வண்டிய எடுத்திருக்கறான். நெஞ்சப் புடிச்சுட்டு அப்படியே உக்காந்துட்டானாமா. நீ நேரா நாமக்கல்லுக்கு வந்துரு. நானும் வாரேன்” என்றார். அந்த வீட்டுக்கு அம்மா போகப்போகிறார் என்பதும் எனக்கு ஒரு செய்தியாகத்தான் இருந்தது.

மாமாவுடன் வேலை செய்தவர்கள் அவர் நினைவாக ஒரு சிறு மலர் அச்சிடுகிறார்கள். அதில் எழுத என்னைக் கேட்டார்கள். படித்த பிள்ளை என்பதால் கேட்டிருக்கலாம். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். ஆனால் பெரியவர்கள் பத்துப் பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்கு வாய் வராது. அது மாமாவுக்கு நன்றாகத் தெரியும். எழுதினால் வரும் என்றும் அவருக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன்.

மாமாவின் பெயர் நல்லசிவம். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளில் பெயிண்டர்கள் பலர் உண்டு. ‘சிரிப்புப் பெயிண்டர்’ என்றால் அவர் ஒருவர்தான். சொல்லப்போகிற வேடிக்கைக்கு அவரே முதலில் சிரித்துவிடுவார். ஒரு டிரைவர் வண்டியின் பின்பக்கம் புலி வரையச் சொன்னாராம். வரைந்து முடித்ததும் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “ஏனுங், பூனையாட்டம் இருக்குதுங்களே” என்றாராம். மாமா பலகையை விட்டு இறங்காமலே, “தூரத்துல இருந்து பாருங்க, புலிதான். பூனைன்னு தெரியற அளவுக்குக் கிட்ட வர்றவன் எப்படியும் உங்க வண்டில இடிச்சுருவான்” என்று சொன்னாராம். இந்தக் கதையைச் சொல்ல ஆரம்பித்தால் ‘பூனை’ வருவதற்குள் அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

மாமாவையும் அம்மாவையும் பிரித்தது ஒரு துப்பாக்கி. அதைச் சொல்லாமல் மாமாவைப் பற்றி எதையும் முழுதாகச் சொல்ல முடியாது.

அம்மாவின் அப்பாவை நாங்கள் அப்பிச்சி என்று கூப்பிடுவோம். ஜேடர்பாளையத்தை ஒட்டிய எங்கள் ஊரில் ஆற்றுப் பாசனத்தில் அவருக்குக் கரும்பும் வாழையும் இருந்தன. காட்டுப் பன்றியை விரட்ட, உரிமம் பெற்ற துப்பாக்கி ஒன்று வைத்திருந்தார். அவருடைய தாத்தா காலத்திலிருந்து வீட்டில் இருப்பது. தோட்டா போடுகிற துப்பாக்கி இல்லை. குழலின் வாய் வழியாகக் கரிமருந்தைக் கொட்டி, துணியை அடைத்து, ரவையைப் போட்டு, நீளக் கம்பியால் இடித்துக் கெட்டிக்கிற பழைய வகை. பின்பக்கத்தில் சிறு காம்பு ஒன்று இருக்கும். அதன்மேல் ‘கேப்’ என்கிற சின்ன வெடிமூடியை வைத்து, குதிரையை இழுத்துவிட்டால் வெடிக்கும். குதிரை பொருத்தியிருக்கும் இடத்தில் உள்ளங்கை நீளத்துக்கு ஓர் இரும்புத் தகடு உண்டு. அதில் ஒரு கிரீடமும், அதற்குக் கீழே இங்கிலீஷ் எழுத்துகளும் இருந்ததைச் சின்ன வயதில் பார்த்ததாக அம்மா சொல்வார்.

அப்பிச்சி கடுமையான மனிதர். பிள்ளைகளிடம் சிரித்துப் பேசியது கிடையாது. ஆனால் ஆயுத பூஜை வந்தால் துப்பாக்கியை இறக்கி அம்மாவின் கையில்தான் கொடுப்பாராம். பித்தளைக் குடத்தை விளக்குவது போல அம்மா அதற்குப் புளியும் செங்கல்பொடியும் போட்டுத் தேய்ப்பார். பிறகு சந்தனம், குங்குமம், மாலை. பூஜைக்கு வந்தவர்களிடம் அப்பிச்சி, “என்ற மக தேச்சாத்தான் இது மின்னும்” என்பாராம். இதை அம்மா எத்தனையோ தடவை எனக்குச் சொல்லியிருக்கிறார். சொல்லும்போது ஒரு நிமிடம் சின்னப் பெண்ணாகிவிடுவார்.

அம்மாவுக்குக் கல்யாணமான பிறகு தேய்க்க ஆள் இல்லை. பட்டறையில் வேலை பழகியிருந்த மாமா அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். லாரிக்கு வாங்கியதில் மிஞ்சிய பெயிண்டைக் கொண்டுவந்து துப்பாக்கிக்கு அடித்துவிட்டார். குழலுக்கு வெள்ளி நிறம். கட்டைக்கு மெரூன். குதிரைக்குப் பக்கத்தில் ஒரு தாமரை. “இனி தேய்க்கவே வேண்டாமுங்கப்பா” என்றாராம். அப்பிச்சி திட்டினாரா, விட்டுவிட்டாரா என்று யாருக்கும் நினைவில்லை. ஆனால் அதன்பிறகு ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் மாமா அந்த வருடம் மிஞ்சிய நிறத்தில் ஒரு கோட்டிங் கொடுத்தார். எனக்குத் தெரிந்து அந்தத் துப்பாக்கி ஒரு லாரியின் தங்கை மாதிரிதான் இருக்கும். நாங்கள் பயந்ததே இல்லை.

அப்பிச்சி போன பிறகு நாங்கள் அவர் வீட்டுக்கே குடிவந்தோம். துப்பாக்கி சுவரிலேயே இருந்தது. உரிமம் அவரோடு முடிந்துபோனது வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. ஒரு தேர்தலுக்கு முன்னால், துப்பாக்கி வைத்திருப்பவர்களைக் கணக்கெடுத்துக்கொண்டு காவல்துறையினர் ஊருக்குள் வந்தார்கள். எங்கள் வீட்டுச் சுவரைப் பார்த்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். “இது யார் செஞ்சது, எந்தக் காலத்ததுன்னு ஏதாச்சும் எழுத்து இருக்காம்மா? பழங்காலப் பொருள்னு தெரிஞ்சா அதுக்குத் தனி வழி இருக்கு. இல்லைன்னா நாட்டுத் துப்பாக்கின்னு எழுதி எடுத்துட்டுப் போறதுதான்.”

அம்மா உற்சாகமாக, “இருக்குதுங்க, நானே பாத்திருக்கறேன்” என்று துப்பாக்கியை இறக்கிக் கொடுத்தார். அதிகாரி தகட்டின் மேல் சாவியால் சுரண்டினார். வெள்ளிப் பெயிண்ட் உரிந்தது. அடியில் இன்னொரு நிறம். அதற்கும் அடியில் இன்னும் சில. எல்லாவற்றுக்கும் அடியில் வெறும் இரும்பு. சுரண்டிய இடத்தில் எழுத்து எதுவும் இல்லை. தெருவே கூடி நிற்க, துப்பாக்கியைச் சாக்கில் சுற்றி எடுத்துப் போனார்கள். இப்படி எடுத்துப் போவதைக் கடைசியில் உடைத்து உருக்கிவிடுவார்கள் என்று கூட்டத்தில் யாரோ சொன்னது அம்மாவின் காதில் விழுந்தது.

மறுநாள் மாமா வந்தார். வாசலிலேயே அம்மா கேட்டார். “பெயிண்ட் அடிக்கறதுக்கு முன்னால எமரித் தாள் போட்டுத் தேச்சியா?”

மாமா யோசித்தார். “எதுக்கு அடிச்சாலும் தேச்சுட்டுத்தானக்கா அடிப்போம். அதுக்குத் தேச்சனா இல்லியான்னு நெனப்பில்லீங்க.”

“அழிச்சுட்டியேடா. எங்கப்பன் ஊட்டுல இருந்த ஒரே பொருளு. இன்னைக்குக் கள்ளத் துப்பாக்கின்னு தூக்கிட்டுப் போறாங்க. என்ற ஊட்டுக்குள்ள வராத.”

மாமா ஏதாவது வேடிக்கையாகச் சொல்லிச் சமாளிப்பார் என்று கதவுக்குப் பின்னால் நின்று காத்திருந்தேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். தான் அழித்துவிட்டதாக அவரே நம்பிவிட்டார் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

அதன்பிறகு நான் பெரியவளான போது தெரட்டிச் சீர் வந்தது. தாய்மாமன் இல்லாமல் அது நடக்காது. மாமா தட்டோடு வந்து பந்தலில் நின்றார். அம்மா தட்டை வாங்கிக்கொண்டார். ‘வா’ என்று சொல்லவில்லை. எனக்கு மாலை போடும்போது மாமா குனிந்து, “சாமி, பட்டுச்சேலைக்கு டபுள் கோட்டிங் அடிச்ச மாதிரி பளபளன்னு இருக்கற” என்றார். சபையில் சிரிக்கக் கூடாது என்று நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். அன்று பந்தலில் அவர் பேசியது அவ்வளவுதான்.

நான் வரலாறு எடுத்துப் படித்தது மாமாவுக்காக அல்ல. கிடைத்த இடத்தில் சேர்ந்தேன். ஆனால் படிக்கும்போது ஒரு விஷயம் தெரிந்தது. ஒரு துப்பாக்கி பழமையானது, இனி அதில் சுட முடியாது என்று உரியவர்கள் பார்த்துச் சொன்னால், அதை அழிக்காமல் அருங்காட்சியகத்துக்கு மாற்றக் கேட்கலாம். எங்கள் துப்பாக்கி அப்போதும் காவல் நிலைய அறையில்தான் கிடந்தது. மாமாவிடம் போனில் சொன்னேன். “நான் அழிச்சதை நானே போய்த் தேடோணும். கெளம்பு சாமி” என்றார்.

அம்மாவிடமும் சொன்னேன். “அந்தப் பெயிண்டரு கூடப் போறதுன்னா போ. ஊட்டுக்குள்ள மட்டும் கூட்டிட்டு வராத” என்றார். அதனால் மாமா தன் டிவிஎஸ் வண்டியில் என்னைத் தெருமுனை வரைக்கும்தான் கொண்டுவந்து விடுவார். வண்டியை உடனே திருப்ப மாட்டார். எங்கள் வீட்டுப் பக்கம் பார்த்தபடி, “அக்கா மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டாங்களாட்டம் இருக்குது” என்பார். அங்கிருந்து எங்கள் மாடு தெரியாது.

மனு கொடுக்கப் போன அலுவலகங்களில் நான் படும் பாட்டை மாமா நன்றாகப் பார்த்திருந்தார். அதிகாரி நிமிர்ந்து, “என்னம்மா?” என்றால் நான் மனுவை மட்டும் நீட்டுவேன். மாமா எனக்காகப் பேசிவிடலாம். பேசமாட்டார். “புள்ள எம்.ஏ. வரலாறுங்க. டீசல் வண்டி மாதிரி, எடுக்கறதுக்குக் கொஞ்சம் நேரமாகும். சூடாயிருச்சுன்னா நிக்காதுங்க” என்று சொல்லிவிட்டுச் சுவரோரம் போய் நின்றுகொள்வார். அவர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் எனக்குப் பேச்சு வந்துவிடும். மாமா கற்றுக்கொடுத்தார் என்று சொல்ல மாட்டேன். காத்திருந்தார். எனக்காக அப்படி யாரும் காத்திருந்ததில்லை.

ஒரு வழியாக, துப்பாக்கியைப் பரிசோதிக்க உத்தரவு வந்தது. ஒரு ஏட்டையா துப்பாக்கியைச் சாக்கோடு அருங்காட்சியகத்துக்குக் கொண்டுவந்தார். பார்த்துச் சொல்லப்போகிறவர் அங்கே காப்பாட்சியராக இருந்த ஓர் அம்மா. சாக்கைப் பிரித்ததும் வெள்ளிக் குழலையும் தாமரையையும் பார்த்துவிட்டு, “இது எந்த ரூட் வண்டி?” என்று கேட்டார். மாமாவுக்கு அவரை உடனே பிடித்துப் போயிற்று.

முதலில் எங்கள் எல்லோரையும் குழலின் வாய்க்கு எதிரே நிற்காமல் விலகச் சொன்னார். மெல்லிய மரக்குச்சி ஒன்றைக் குழலுக்குள் அடி வரைக்கும் விட்டு, வாய்க்கு நேராகப் பென்சிலால் கோடு போட்டார். குச்சியை எடுத்துக் குழலுக்கு வெளியே பக்கவாட்டில் வைத்துப் பார்த்தார். பின்பக்கக் காம்பு வரைக்கும் குச்சி வந்திருக்க வேண்டும். ஒரு சாண் குறைந்தது. “உள்ளே ஏதோ இருக்கு. பழைய மருந்தா இருக்கலாம். இத்தனை வருஷம் கழிச்சும் அது வெடிக்கும்” என்றார். ஏட்டையா சத்தமில்லாமல் பீரோவுக்குப் பின்னால் போய் நின்றார். நாங்கள் தொட்டுக் கும்பிட்ட துப்பாக்கி. எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் அதைத் தோளில் வைத்துப் படம்கூட எடுத்திருக்கிறார்கள். மாமாவின் முகத்தில் சிரிப்பு இல்லை.

காப்பாட்சியர் அம்மா குழலுக்குள் எண்ணெய் விட்டு ஊறவைத்துவிட்டு இன்னொரு நாள் வரச் சொன்னார். அடுத்த முறை போனபோது மேசையில் ஒரு தாளில் மண்கட்டிகள் இருந்தன. குளவிக் கூடு. மருந்து எதுவும் இல்லை. மாமா அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “எங்கப்பன் பன்னியச் சுட்டேன் பன்னியச் சுட்டேன்னு சொல்லிட்டிருந்தாருங்க. பூராவும் குளவிதானாட்டம் இருக்குது” என்றார். ஏட்டையா சிரித்ததில் அறையே அதிர்ந்தது.

பிறகு பெயிண்டை எடுக்கும் வேலை. பஞ்சில் மருந்தைத் தொட்டுத் தொட்டு, ஒரு நிறம் போனால் அடுத்த நிறம் என்று மெதுவாகத்தான் எடுத்தார். நாங்கள் பல தடவை போய்வந்தோம். ஒவ்வொரு நிறம் வெளிவரும்போதும் மாமாவுக்கு அது எந்த வண்டியின் மிச்சம் என்று தெரிந்தது. “இந்தப் பச்சை போர் போடற ரிக் வண்டி ஒண்ணுக்கு வாங்குனதுங்க, திருச்செங்கோட்டுக்காரரு. இது ஒரு ஜவ்வரிசி மில்லு வண்டி. இந்த மெரூன்… இது எங்க புள்ள பொறந்த வருசமுங்க” என்று என்னைக் காட்டினார். சொல்லிக்கொண்டே வந்தவர், தகட்டில் கடைசி நிறம் இருந்த நாளன்று பேசவே இல்லை. நாற்காலி கொடுத்தும் உட்காரவில்லை.

கடைசி நிறமும் போயிற்று. தகடு கூழாங்கல் மாதிரி வழுவழுப்பாக இருந்தது. கிரீடமும் இல்லை, எழுத்தும் இல்லை.

“நாந்தானுங்க அழிச்சேன்” என்றார் மாமா.

காப்பாட்சியர் அம்மா பூதக்கண்ணாடியை எடுத்துத் தகட்டின் திருகாணியைப் பார்த்தார். அதன் பள்ளத்திலிருந்து ஊசி முனையால் எதையோ நெம்பி வெள்ளைத் தாளில் தட்டினார். சிவப்பாகச் சிறிது தூள்.

“எமரி போட்டிருந்தா நேர்நேராக் கோடு விழுந்திருக்கும். இதுல கோடே இல்லை. தகட்டோட ஓரம், திருகாணியோட தலை எல்லாமே உருண்டு போயிருக்கு. வருஷக்கணக்கா கையால தேய்ச்ச தேய்ப்பு. இந்தத் தூள் உங்க முதல் பெயிண்டுக்கும் அடியில இருந்து வருது. நீங்க அடிக்கறதுக்கு முன்னாலயே எழுத்து போயிடுச்சு. இது என்னன்னு தெரியுதா?”

மாமா குனிந்து பார்த்தார். “செங்கப்பொடிங்க” என்றார். சொன்னவர் சட்டென்று நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன்.

காப்பாட்சியர் அம்மா தொடர்ந்து சொன்னார். பழைய பொருளுக்குப் பெயிண்ட் அடிப்பது பொதுவாகத் தவறுதானாம். ஆனால் புளியும் சந்தனமும் பட்ட இரும்பு துருப்பிடித்துத் தின்றுபோயிருக்க வேண்டியது. மாமாவின் பெயிண்ட்தான் அதை மூடிக் காப்பாற்றியிருக்கிறது. கட்டையிலும் பூச்சி ஏறவில்லை. ஆணிகளைத் தட்டிக் கட்டையிலிருந்து குழலைக் கழற்றியபோது, அதன் அடிவயிற்றில், கையும் படாத பிரஷ்ஷும் படாத இடத்தில், சின்னச் சின்ன முத்திரைகள் இருந்தன. குழலைச் சோதித்துப் பார்த்து இங்கிலாந்தில் அடித்தவை என்றார். கட்டை நம் ஊர் மரம். பழையது உடைந்த பிறகு இங்கே யாரோ செய்து மாட்டியிருக்கிறார்கள். செய்தவர் பெயரும் ஆண்டும் தகட்டில்தான் இருந்திருக்கும், அதை இனி அறிய முடியாது. ஆனாலும் இது பழங்காலப் பொருள்தான் என்று எழுதித் தர இந்த முத்திரைகளே போதும். துப்பாக்கி பிழைத்துவிட்டது.

வெளியே டீக்கடையில் மாமா இரண்டு டீ சொன்னார். தன்னுடையதை அவர் குடிக்கவில்லை. நான்தான் பேசினேன். “இன்னைக்கே அம்மாகிட்டச் சொல்லிர்றனுங் மாமா. நீங்க அழிக்கலன்னு.”

“சொல்லாத சாமி.”

“ஏனுங்?”

“நான் அழிக்கலன்னு சொன்னா, அப்பறம் யாரு அழிச்சதுன்னு கேப்பாங்கல்ல.” டீ கிளாஸைத் தள்ளிவைத்தார். “எங்கப்பன் வாயில இருந்து அக்காளுக்குக் கெடைச்ச நல்ல வார்த்தை அது ஒண்ணுதான். என்ற மக தேச்சாத்தான் மின்னும்னு. எனக்கு அதுகூடக் கெடைக்கல, அது வேற. அந்த ஒண்ணையும் போய்ப் புடுங்கறதா? எம்மேல கோவமா இருக்கட்டும். எனக்குப் பழகிப் போச்சு.”

நான் சரி என்றேன்.

துப்பாக்கியைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, பக்கத்தில் குறிப்பு அட்டை வைத்தார்கள். மாமாவும் நானும் போய்ப் பார்த்தோம். என்ன வகை, எந்த ஊர்க் குடும்பத்தினுடையது என்பதற்குக் கீழே இப்படி இருந்தது: ‘பக்கத் தகட்டின் எழுத்துகள் நீண்ட காலம் செங்கல்பொடியால் தேய்த்துத் துலக்கியதில் அழிந்துள்ளன. பின்னர் பூசப்பட்ட பெயிண்ட் உலோகத்தையும் மரத்தையும் காத்துள்ளது.’ மாமா அதை இரண்டு தடவை படித்தார். காப்பாட்சியர் அம்மாவிடம் போய், “அந்தத் தேச்ச வரிய மட்டும் உட்டுர முடியுங்களா?” என்று கேட்டார். “உள்ளதை எழுதி வைக்கணுங்களே. நாளைக்குப் படிக்கறவங்களுக்குத் தெரியணும்” என்றார் அவர். மாமா வற்புறுத்தவில்லை. “செரி, அக்கா எங்க இங்கெல்லாம் வரப்போறாங்க” என்று என்னிடம் சொன்னார்.

ஆனால் அம்மா கேட்டார். துப்பாக்கி உருகாமல் தப்பியது என்று தெரிந்ததிலிருந்து அவருக்குக் கோபம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டிருந்தது. ஒருநாள் சாப்பாடு போடும்போது, என் முகத்தைப் பார்க்காமல், “கண்ணாடிக்குள்ள வெச்சிருக்கறதப் பாக்க ஒருக்காப் போலாமா? அவனையும் வரச் சொல்லேன். அவனுக்குத்தான் வழி தெரியும்” என்றார். வழி எனக்கும் தெரியும். அது அம்மாவுக்கும் தெரியும்.

நான் மாமாவைப் போனில் கூப்பிட்டுச் சொன்னேன். பட்டறையில் ரிவெட் ஆணி அடிக்கும் சத்தம் கேட்டது. “அக்காளா என்னைய வரச் சொன்னாங்க?” என்று கேட்டார். ஆமாங்க என்றேன். பிறகு, “வேண்டாம் சாமி. அக்கா எழுத்துக் கூட்டிப் படிச்சுருவாங்க. எனக்கு வேலை இருக்குதுன்னு சொல்லிரு” என்றார்.

சொன்னேன். அம்மா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். “பெரிய மனுசனாயிட்டான்” என்றார். அதற்குமேல் அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை.

எனக்கு ஆற்றாமை இதில்தான். சண்டை போட்டுப் பிரிந்த அக்காவும் தம்பியும் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். இவர்கள் இருவரும் சேர ஒரு வாசல் திறந்தது. அக்காவின் மனம் நோகக் கூடாது என்று தம்பியே அதைச் சாத்திவிட்டார். அதை அவர் திமிர் என்று அக்கா நினைத்துக்கொண்டார். இன்னும் கொஞ்ச காலம் கிடைத்திருந்தால் வேறு ஏதாவது கல்யாணம், காதுகுத்து வந்திருக்கும். கிடைக்கவில்லை.

இழவு வீட்டில் அம்மா மாமாவின் தலைமாட்டில் உட்கார்ந்தார். சத்தம் போட்டு அழவில்லை. அத்தையிடம், “நேரத்துக்குச் சாப்புட்டானா?” என்று கேட்டார். “எங்கீங்க, பட்டறையில டீயும் பன்னுந்தான்” என்றார் அத்தை. “சின்னதுல இருந்தே அப்படித்தான். ஊட்டி உட்டாத்தான் திம்பான்” என்றார் அம்மா. இருவரும் வெகுநேரம் அவருடைய சாப்பாட்டைப் பற்றியே பேசினார்கள். பட்டறைக்காரர்கள் கூட்டமாக வந்திருந்தார்கள். யாரோ ஒருவர் புலிக் கதையை ஆரம்பித்துவிட்டுப் பாதியில் நிறுத்திவிட்டார்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அம்மா, “அதைய ஒருக்காப் பாக்கோணும்” என்றார். எப்படித் தட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. தட்டவும் மனம் வரவில்லை. கூட்டிப்போனேன்.

கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது அம்மாவுக்கு அடையாளமே தெரியவில்லை. தாமரை இல்லை, வெள்ளி இல்லை. கருத்த இரும்பும் பழுப்புக் கட்டையும். “இதா எங்களுது?” என்று கேட்டுவிட்டு அட்டையைப் படிக்கத் தொடங்கினார். அம்மா ஐந்தாம் வகுப்பு வரைக்கும் படித்தவர். உதடு அசைய, எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். நான் பக்கத்தில் நின்றேன். ‘செங்கல்பொடியால்’ என்ற இடத்தில் நின்றார். மறுபடி முதலிலிருந்து படித்தார்.

“செங்கப்பொடின்னா… நான் தேச்சதுதான?”

“ஆமாங்மா.”

“அவன் பெயிண்டுனால இல்லியா?”

“இல்லீங்மா. பெயிண்டுதான் காப்பாத்தியிருக்குது.”

“அவனுக்குத் தெரியுமா?”

“தெரியுமுங்மா. பெயிண்ட எடுத்து முடிச்ச அன்னைக்கே.”

அம்மா கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டார். “அன்னைக்கு வேலை இருக்குதுன்னது இதுக்குத்தானா?”

நான் தலையை ஆட்டினேன். அப்பிச்சி சொன்ன அந்த ஒரு வார்த்தையையும் பிடுங்க வேண்டாம் என்று மாமா டீக்கடையில் சொன்னதைச் சொன்னேன்.

“கிறுக்குப் பையன்” என்றார். “அப்பனும் செத்துப் போச்சு, அவரு சொன்ன வார்த்தையும் செத்துப் போச்சு. அதைய வெச்சு நான் என்ன பண்ணப் போறேன்? தம்பி வேணும்னு எனக்குத் தெரியாதா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, ஆமாடா நாந்தான் அழிச்சேன்னு சிரிச்சுட்டு உட்டிருப்பனே.”

அப்படிச் சிரித்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. மாமாவுக்கும் தெரிந்திருக்காது. அதனால்தான் அவர் பயந்தார்.

அங்கிருந்து கிளம்பும் முன் அம்மா காப்பாட்சியர் அம்மாவைத் தேடிப் போனார். புது ஆளிடம் பேச எனக்குத்தான் கூச்சம், அம்மாவுக்கு இல்லை. “ஏனுங், பெயிண்ட் அடிச்சதுன்னு மொட்டையா எழுதியிருக்கறீங்களே. அடிச்சவனுக்குப் பேரு இருக்குதுங்க. நல்லசிவம். அதைய எழுதுங்க” என்றார். அந்த அம்மா, மேலிடத்தில் கேட்டு எழுத முயற்சி செய்வதாகச் சொன்னார். அம்மா நகரவில்லை. “தேச்சது ராஜாமணின்னும் எழுதுங்க. அவன் பேருக்கு மேலயே எழுதுங்க, நான் மூத்தவ.”

பேருந்தில் வரும்போது என்னிடமும் அதையே சொன்னார். “நீயும் பொஸ்தகத்துல அப்படியே எழுது. மறைக்காத.”

மாமா, நீங்கள் சொல்ல வேண்டாம் என்றதை உங்கள் அக்காவே எழுதச் சொல்லிவிட்டார். அட்டையை மாற்ற அனுமதி இன்னும் வரவில்லை. அது வரும் வரைக்கும் உங்கள் இருவரின் பெயரையும் நான் இங்கே சேர்த்து எழுதிவைக்கிறேன். தேய்த்தவர் ராஜாமணி. பெயிண்ட் அடித்தவர் அவர் தம்பி நல்லசிவம். போய் வாருங்கள், மாமா.